வெள்ளைவால் மான் வேட்டைக்கு அம்பு தேர்ந்தெடுப்பதும் ஆயத்தமாவதும்

துப்பாக்கிக் குண்டு தாக்கிய விசையாலேயே திசுக்களைச் சிதைக்கிறது. அம்புக்கு அத்தகைய வேகம் கிடையாது. அது தன் முனையிலுள்ள கூரிய அலகுகளால் இரத்தக் குழாய்களை அறுத்தும் நுரையீரலைக் குலைத்தும்தான் விலங்கை வீழ்த்துகிறது. இரு நுரையீரல்களையும் துளைத்து அம்பு மறுபுறம் வெளியேறிவிட்டால் மான் பெரும்பாலும் சில வினாடிகளில் நினைவிழந்து, கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே விழுந்துவிடும். அதே அம்பு ஒரு சாண் பின்னே தள்ளி வயிற்றில் பாய்ந்தால் அந்த உயிர் பல மணி நேரம் வேதனைப்பட்டுச் சாகும். தேடிக் கண்டுபிடிப்பதும் அரிதாகும். ஆகவே அம்பின் விறைப்பு, எடை, முனை, பயிற்சி, எய்யும் தூரம் ஆகிய அனைத்தையும் அந்த இரு நுரையீரல்களிலிருந்து பின்னோக்கித்தான் கணக்கிட வேண்டும். விலையுயர்ந்த வில்லைத் தேடுவதில் செலவிடும் நேரத்தில் பாதியை அம்புக்குச் செலவிட்டாலே வேட்டைக்காரர் வெகுவாக முன்னேறிவிடுவார் என்பது என் உறுதியான கருத்து.

இக்கட்டுரை வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானை, குறிப்பாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வில்லால் வேட்டையாடப் புதிதாகத் தொடங்குவோரை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளதால், இங்கே சொல்லப்படும் எதுவும் அங்குள்ள காடுகளுக்குப் பொருந்தாது.

சட்டம் கேட்பவை

ஒன்டாரியோவில் வேட்டையாட முதலில் வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறி, அவுட்டோர்ஸ் கார்டு என்னும் அட்டையையும் மானுக்கான உரிமத்தையும் பெற வேண்டும். மான் வேட்டைக்குப் பயன்படும் வில்லின் இழுவிசை, 700 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான இழுப்பு நீளத்தில், குறைந்தது 18 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 40 பவுண்டு இருக்க வேண்டும். மூஸ், எல்க் ஆகிய பெரிய மான் இனங்களுக்கும் கரடிக்கும் அது 22 கிலோகிராம். அம்பின் முனை அதன் மிக அகலமான இடத்தில் 22 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், குறைந்தது இரண்டு கூரிய வெட்டு விளிம்புகள் உடையதாகவும் இருக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரை மட்டுமே வேட்டையாடலாம். வில்லுக்கென ஒதுக்கப்பட்ட பருவம் தென்பகுதியின் பல பிரிவுகளில் அக்டோபர் தொடக்கத்தில் தொடங்கினாலும், இடையே துப்பாக்கிப் பருவம் நடக்கும் நாட்களில் வில்லேந்தியவரும் ஆரஞ்சு நிற மேலாடையும் தொப்பியும் அணிந்தாக வேண்டும் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. எல்லை தாண்டினால் விதிகளும் மாறும்: அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியாவில் வில்லின் இழுவிசை 35 பவுண்டு இருந்தால் போதும். மாகாணமும் மாநிலமும் ஆண்டுதோறும் வெளியிடும் விதித் தொகுப்பை அந்தந்த ஆண்டே படித்துவிடுவதுதான் பாதுகாப்பு. தெற்கு ஒன்டாரியோவில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. உரிமையாளரைக் கோடையிலேயே நேரில் கண்டு அனுமதி கேட்பவருக்கே நல்ல இடம் கிடைக்கிறது.

உங்கள் உடலுக்கு ஏற்ற வில் அளவு

அம்பைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு எண்களை உறுதியாக அறிந்திருக்க வேண்டும். முதலாவது இழுப்பு நீளம். இரு கைகளையும் பக்கவாட்டில் இயல்பாக விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் கிடைப்பது தொடக்க மதிப்பு; 70 அங்குலம் விரியும் கைகளுக்கு இது 28 அங்குலம். இறுதி அளவை வில் கடையில் நாணை இழுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது இழுவிசை. ஹோலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த காம்பவுண்ட் வில்லில், நாண் முழுமையாகப் பின்னே வந்ததும் கப்பிகள் சுமையைத் தளர்த்திவிடுகின்றன. 80 விழுக்காடு தளர்த்தும் 60 பவுண்டு வில்லைப் பிடித்து நிற்க 12 பவுண்டு விசையே போதும். இந்தச் சலுகையை நம்பி, இழுக்க முடியாத விசையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம். நாற்காலியில் அமர்ந்து, கால்களைத் தரையிலிருந்து உயர்த்திய நிலையில், வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல் நேராக இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் விசையைக் குறைத்துவிடுங்கள். குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த தசைகளுக்கு, கடையில் இழுத்த விசை இன்னும் கடினமாகத் தோன்றும். இன்றைய காம்பவுண்ட் வில்லில் 45 முதல் 60 பவுண்டு வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும்.

ஸ்பைன் என்னும் விறைப்பு

நாண் விடப்பட்ட கணத்தில் அம்பு நேராகப் பாய்வதில்லை. பின்னிருந்து தள்ளும் விசைக்கும் முன்னிருக்கும் முனையின் எடைக்கும் நடுவே சிக்கி, தண்டு வளைந்து, எதிர்ப்புறம் வளைந்து, அந்த அதிர்வு அடங்கிய பிறகே நேர்கோட்டுக்கு வருகிறது. இவ்வளைவின் அளவு வில்லின் விசைக்குப் பொருந்தவில்லையெனில், எத்தனை திறமையாக எய்தாலும் அம்பு வாலாட்டிக்கொண்டே செல்லும். பயிற்சி முனையோடு இக்குறையை இறகுகள் மறைத்துவிட்டாலும், அகன்ற அலகுகள் கொண்ட வேட்டை முனையை மாட்டியதும் அது வெளிப்பட்டுவிடும்.

தண்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 300, 340, 400, 500 போன்ற எண்கள் இந்த விறைப்பையே குறிக்கின்றன. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின் மேல் வைக்கப்பட்ட தண்டின் நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால், அது எத்தனை அங்குலம் தாழ்கிறது என்பதை ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதுவதே அந்த எண். 500 என்ற தண்டு அரை அங்குலம் தாழும். 340 என்ற தண்டு 0.340 அங்குலமே தாழும். எண் குறையக் குறைய விறைப்பு கூடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதன்முறை வாங்குவோர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

ஆனால் தொங்கவிட்ட எடையில் காட்டும் விறைப்பு வேறு. வில்லிலிருந்து பாயும்போது காட்டும் விறைப்பு வேறு. தண்டை ஓர் அங்குலம் நறுக்கினால் அது விறைப்பாகும்; முனையின் எடையை, கிரெயின் என்னும் சிற்றெடை அளவில், 100இலிருந்து 125க்கு உயர்த்தினால் தளரும்; வில்லின் விசையைக் கூட்டினாலும் தளரும். அதனால்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் இழுவிசை, அம்பின் நீளம், முனை எடை ஆகிய மூன்றையும் கொண்டு பார்க்கும் தேர்வு அட்டவணையைத் தருகிறார்கள். பொதுவாக 60 பவுண்டு காம்பவுண்ட் வில்லில் 28 அங்குல அம்பும் 100 கிரெயின் முனையும் கொண்டவருக்கு 400க்கு அருகிலும், 70 பவுண்டும் 29 அங்குலமும் கொண்டவருக்கு 340க்கு அருகிலும், 50 பவுண்டும் 27 அங்குலமும் கொண்டவருக்கு 500க்கு அருகிலும் அட்டவணை கொண்டுபோய் நிறுத்தும். இரு எண்களுக்கு நடுவே ஊசலாட நேர்ந்தால், காம்பவுண்ட் வில்லுக்கு விறைப்பான தண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மிகத் தளர்ந்த தண்டு துல்லியத்தைக் கெடுப்பதோடு நிற்காது. வலுவான வில்லில் அது உடைந்து கையைக் கிழிக்கவும் கூடும்.

அம்பின் நீளம் என்பது அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் ‘நாக்’ என்னும் துண்டின் பள்ளத்திலிருந்து தண்டு முடியும் இடம் வரையிலான அளவு. முனை அதில் சேராது. முழுமையாக இழுத்த நிலையில் அம்புத்தாங்கிக்கு முன்னே ஓர் அங்குலமாவது தண்டு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிராட்ஹெட் என்னும் அகன்ற வேட்டை முனையின் அலகு வில்லைப் பிடித்த விரல்களுக்கு அருகே வராமல் இருக்க இந்த இடைவெளி தேவை.

எடை: வேகத்துக்கும் ஊடுருவலுக்கும் நடுவே

அம்பின் எடை கிரெயினில் அளக்கப்படுகிறது. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின் எடை அம்பில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், அம்பு எடுத்துக்கொள்ள வேண்டிய ஆற்றலை வில்லே வாங்கிக்கொள்ள நேர்ந்து, வில்லின் வளையும் புயங்களும் நாணும் சேதமடையும். அம்பே இல்லாமல் நாணை விடுவதற்கு அது நெருங்கிய செயல். வில்லின் விளம்பரங்களில் காணும் வேகங்கள் பெரும்பாலும் 70 பவுண்டு விசை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெயின் அம்பு என்ற நிலையில், அதாவது சரியாக இந்த 5 கிரெயின் எல்லையில் அளக்கப்பட்டவை. அந்த வேகத்தை வேட்டையில் எதிர்பார்ப்பதும் துரத்துவதும் தேவையற்றவை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வில் 350 கிரெயின் அம்பை வினாடிக்கு 280 அடி வேகத்திலும், 450 கிரெயின் அம்பை 250 அடி வேகத்திலும் செலுத்துகிறது என்று கொள்வோம். எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240ஆல் வகுத்தால் கிடைக்கும் இயக்க ஆற்றல், முதலாவதற்கு 60.9 அடி-பவுண்டு, இரண்டாவதற்கு 62.5 அடி-பவுண்டு, ஏறக்குறைய சமம். ஆனால் எடையை வேகத்தால் மட்டும் பெருக்கிக் கிடைக்கும் உந்தத்தில் கனமான அம்பு ஏறத்தாழ 15 விழுக்காடு முந்துகிறது. தோல், தசை, விலா எலும்பு ஆகியவற்றின் தடையைக் கடந்து மறுபுறம் வெளிவர இந்த உந்தமே கைகொடுக்கிறது. கனமான அம்பு எய்யும் ஒலியையும் குறைக்கிறது. இழப்பு ஒன்று உண்டு: அதன் பாதை சற்று வளைவானது என்பதால் தூரத்தைத் தவறாக மதிப்பிட்டால் பிழை பெரிதாகும். லேசர் தூரமானியும் நெருங்கி எய்யும் பொறுமையும் அந்த இழப்பை ஈடுசெய்துவிடும்.

வேட்டை அம்புகளின் ஊடுருவலை நெடுங்காலம் ஆராய்ந்த எட் ஆஷ்பி, கனமான எலும்பையும் உடைத்துச் செல்ல 650 கிரெயினையொட்டிய எடையை வலியுறுத்தினார். அவருடைய சோதனைகள் ஆப்பிரிக்காவின் பெரிய விலங்குகளை உள்ளடக்கியவை. வெள்ளைவால் மானின் விலாக்கூட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்றே கருதுகிறேன். இழுவிசையின் ஒரு பவுண்டுக்கு 7 முதல் 8 கிரெயின், அதாவது 60 பவுண்டு வில்லுக்கு 420 முதல் 480 கிரெயின் என்பது சமநிலையான தேர்வு. 450 கிரெயின் என்றால் 29 கிராம்தான். எண் பெரிதாகத் தோன்றினாலும் பொருள் இலகுவானதே.

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முனையோடு சேர்த்து அம்பை விரல்மேல் சமன்செய்து, சமநிலைப் புள்ளி நாக்கின் பள்ளத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அளந்து, அதிலிருந்து அம்பு நீளத்தின் பாதியைக் கழித்து, மீதியை முழு நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 28 அங்குல அம்பு 17.4 அங்குலத்தில் சமநின்றால் விடை 12 விழுக்காடு. வேட்டைக்கு 10 முதல் 15 விழுக்காடு நல்லது. முன்பாரம் மிகுந்த அம்பை இறகுகள் எளிதில் நேர்படுத்துகின்றன. இதை உயர்த்த விரும்பினால் முனையைத் திருகுவதற்காகத் தண்டின் முன்வாயில் ஒட்டப்படும் இன்சர்ட் என்னும் துண்டை அலுமினியத்துக்குப் பதில் பித்தளையில் ஒட்டலாம். ஆனால் முன்னே எடை கூடினால் தண்டு தளரும் என்பதால் ஸ்பைன் கணக்கை மீண்டும் பார்க்க வேண்டும்.

தண்டும் இறகும்

மரத் தண்டுகள் நெடுவில்லுக்கு அழகாகப் பொருந்தினாலும், ஒவ்வொன்றையும் எடைபோட்டு, விறைப்பு பார்த்து, இணை சேர்க்க வேண்டியிருப்பதால் புதியவருக்கு உகந்தவை அல்ல. காம்பவுண்ட் வில்லில் அவற்றைப் பயன்படுத்தவே கூடாது. 1930களின் இறுதியில் டக் ஈஸ்டன் அமெரிக்காவில் செய்யத் தொடங்கிய அலுமினியத் தண்டுகள் சீரானவை, விலை குறைந்தவை, ஆனால் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். அவற்றின் மேலுள்ள 2213 போன்ற எண் விறைப்பைச் சொல்வதில்லை: முதல் இரண்டு இலக்கங்கள் 22/64 அங்குல விட்டத்தையும், அடுத்த இரண்டும் 0.013 அங்குலச் சுவர்த் தடிமனையும் குறிக்கின்றன. இன்று பெரும்பாலோர் கையாள்வது கார்பன் தண்டு. அது நிரந்தரமாக வளைந்துவிடாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் தண்டை இரு கைகளாலும் பிடித்து, உடலுக்கு எதிர்த்திசையில் மெல்ல வளைத்து, சுழற்றிச் சுழற்றி நெரியும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். ஐயம் எழுந்தால் அதை உடைத்து எறிந்துவிடுங்கள். விரிசலுற்ற கார்பன் அம்பு எய்யும்போது சிதறினால் அதன் இழைகள் முன்கையில் பாய்ந்துவிடும். தண்டை நறுக்குவதற்கு வேகமாகச் சுழலும் உராய்வு வட்டு தேவை; குழாய் வெட்டும் கருவி இழைகளை நசுக்கிவிடும். தூளைச் சுவாசிக்காமலிருக்க முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

தண்டு எவ்வளவு நேரானது என்னும் துல்லியம் 0.001, 0.003, 0.006 அங்குலம் என்று விலைக்கேற்ப விற்கப்படுகிறது. 30 கெஜத்துக்குள் எய்பவருக்கு 0.003 போதும், மிச்சப்படும் பணத்தில் நல்ல முனைகள் வாங்கலாம்.

காம்பவுண்ட் வில்லுக்கு 2 முதல் 3 அங்குலமுள்ள, உயரமான மூன்று பிளாஸ்டிக் சிறகுகள் பொதுவானவை. அம்பு வில்லின் உடலை உரசிச் செல்லும், நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லுக்கும் நெடுவில்லுக்கும் வளைந்துகொடுக்கும் உண்மையான இறகுகளே பொருத்தம். மழையில் அவை ஒடுங்கிவிடும் என்பதற்கு முன்கூட்டியே வழி செய்துகொள்ள வேண்டும். எதுவாயினும் நேராக ஒட்டாமல் சற்றே முறுக்கி ஒட்டப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால், அம்பு சுழன்று, பிராட்ஹெட் தன்னிச்சையாக வழி திருப்புவதைத் தடுக்கும். நாணில் நாக் மாட்டப்பட்ட அம்பு கீழ்நோக்கித் தொங்கினாலும் விழாமல், நாணை விரலால் தட்டியதும் விடுபட வேண்டும்; அதுவே சரியான பிடி.

பிராட்ஹெட்

பிராட்ஹெட்கள் அடிப்படையில் இரு வகை: அலகுகள் எப்போதும் விரிந்திருக்கும் நிலையான வகையும், பறக்கும்போது மடங்கியிருந்து பட்டதும் விரியும் இயந்திர வகையும். இயந்திர வகை பயிற்சி முனையைப் போலவே பறக்கும், 1.5 முதல் 2 அங்குலம் வரை அகன்ற காயத்தை உண்டாக்கும். ஆனால் விரிவதற்கும், அகலமாக அறுப்பதற்கும் அது அம்பின் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. சாய்கோணத்தில் எலும்பைத் தொட்டால் நம்பகத்தன்மையும் குறைகிறது. 50 பவுண்டுக்குக் குறைந்த வில்லோ, குறுகிய இழுப்பு நீளமோ உடையவர்கள் 1 முதல் 1.25 அங்குல அகலமுள்ள நிலையான அலகு முனையையே பயன்படுத்த வேண்டும் என்பேன். வலுவான வில் உடையவர்களுக்கும் என் பரிந்துரை அதுவே, ஏனெனில் நிலையான முனை நேராகப் பறக்கும்படி வில்லைச் சீரமைக்கும் உழைப்பு, அம்பின் மற்ற குறைகளையும் சேர்த்து வெளிக்கொணர்ந்து திருத்திவிடுகிறது.

கூர்மையில் சமரசம் கூடாது. மழுங்கிய அலகு இரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும்; கூர்மையான அலகு அதை அறுக்கும், அப்படி அறுபட்ட காயம் எளிதில் உறையாது. லேசாக இழுத்துப் பிடித்த ரப்பர் வளையத்தின் மேல் அலகை வைத்து மெல்ல நகர்த்தினாலே அது அறுபட வேண்டும். பொதியிலிருந்து எடுத்த புதிய முனையையும் இவ்வாறே சோதியுங்கள். நுரை இலக்கில் ஒருமுறை பாய்ந்த அலகு வேட்டைக்கு உரியதன்று. ஒரு முனையைப் பயிற்சிக்கென ஒதுக்குங்கள், அல்லது அலகுகளை மாற்றுங்கள். முனையைத் திருகுவதற்குரிய சாவியின்றி வெறும் விரல்களால் ஒருபோதும் திருகாதீர்கள். அலகுகளை முழுமையாக மூடும் அம்பறாத்தூணி இல்லாமல் காட்டுக்குள் நடக்கவும் கூடாது.

முனையை மாட்டியதும் அம்பைச் சுழற்றிப் பாருங்கள். முனையின் நுனி அசையாத புள்ளியாகத் தெரிய வேண்டும். தள்ளாடினால் இன்சர்ட் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது அல்லது தண்டின் முகம் சதுரமாக வெட்டப்படவில்லை.

வில்லும் அம்பும் இணங்க வேண்டும்

முதலில் சட்டத்தில் நீட்டிப் பிடித்த காகிதத்தின் வழியே சுமார் 2 மீட்டரிலிருந்து எய்து பாருங்கள். முனை துளைத்த இடமும் சிறகுகள் கிழித்த இடமும் ஒன்றாயிருந்தால் அம்பு நேராகச் செல்கிறது. வால் உயரக் கிழித்தால் அம்புத்தாங்கியைச் சற்று உயர்த்த வேண்டும் அல்லது நாணிலுள்ள மாட்டுமிடத்தைத் தாழ்த்த வேண்டும். இதன் பிறகே உண்மையான சோதனை: 20 கெஜத்திலும் பின்னர் 30 கெஜத்திலும் பயிற்சி முனையும் அதே எடையுள்ள பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் பாய்கின்றனவா என்பது. பிராட்ஹெட் வலப்புறம் விலகினால் தாங்கியை இடப்புறமும், இடப்புறம் விலகினால் வலப்புறமும் நகர்த்துங்கள். அரிசியின் தடிமனைவிடக் குறைவாக, ஒரு மில்லிமீட்டருக்கும் உட்பட்ட நகர்வே போதும். இரு குழுக்களும் ஒன்றுசேர்ந்த பிறகு குறிகாட்டியைத் திருத்துங்கள். குறிகாட்டியை மட்டும் நகர்த்தி பிராட்ஹெட்டுக்குப் பொருத்திவிடுவது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் தணிப்பதாகும். வாலாட்டும் அம்பு இலக்கைத் தொடும், ஆனால் ஆழமாகப் பாயாது.

சீரமைப்பில் வென்ற அம்புகளுக்கு எண் இடுங்கள். எந்த அம்பு குழுவிலிருந்து அடிக்கடி விலகுகிறதோ அதன் நாக்கைச் சிறிது திருப்பிப் பாருங்கள். அப்போதும் விலகினால் அதைப் பயிற்சிக்கென வைத்துவிடுங்கள். வேட்டைக்கு எடுத்துச் செல்ல நான்கைந்து நம்பகமான அம்புகள் இருந்தால் போதும்.

பயிற்சி

பருவத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கி, நாளுக்குச் சில அம்புகளைக் கவனத்தோடு எய்வது, வார இறுதியில் கை ஓயும்வரை எய்வதைவிடப் பயனுள்ளது. களைத்த தசை தவறான பழக்கத்தையே பதியவைக்கும். பருவம் நெருங்கும்போது, அன்றைய முதல் அம்பை மட்டும் குறித்துவையுங்கள். காட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த ஒரே அம்பு. உடல் சூடேற்றும் வாய்ப்பு அங்கே இல்லை. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியை 20 சென்டிமீட்டர் வட்டமாகக் கொள்ளலாம். எந்தத் தூரத்திலிருந்து உங்கள் முதல் அம்பு தவறாமல் அந்த வட்டத்துக்குள் விழுகிறதோ, அதுவே உங்கள் எல்லை. திறந்த மைதானத்தில் 40 கெஜம் என்றால், பதற்றமும் கிளைகளும் மங்கிய ஒளியும் உள்ள காட்டில் அதை 25 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எல்லைக்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்கிறது. அம்போ 260 அடி. 30 கெஜத்தில் நிற்கும் மானின் காதை நாணொலி 0.08 வினாடியில் எட்டிவிட, அம்பு போய்ச் சேர 0.35 வினாடி ஆகிறது. எச்சரிக்கையடைந்த மான் பாய்ந்து ஓடுவதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். அந்த இடைவெளியில் அம்பு நுரையீரலுக்கு மேலே போய்விடும். வேகமான வில்லால் இதை வெல்ல முடியாது. அமைதியான வில்லும், 20 கெஜத்துக்கு உட்பட்ட தூரமும், தலை தாழ்த்தி மேயும் நிதானமான மானும்தான் தீர்வு.

வேட்டையில் அணியப்போகும் தடித்த மேலங்கி, கையுறை, முகத்திரை ஆகியவற்றோடே சில நாள் எய்து பாருங்கள். நாண் சட்டைக் கையை உரசுவது அப்போதுதான் தெரியும். பரணிலிருந்து எய்யப்போகிறவர் உயரத்திலிருந்தும் பழக வேண்டும். தரையில் நிற்பதுபோல நேராக இழுத்து, பின்னர் இடுப்பிலிருந்து வளைந்து குறிபார்க்க வேண்டும். கையை மட்டும் தாழ்த்தினால் இழுப்பு நீளம் மாறி அம்பு விலகும். உயரத்தால் தூரக் கணக்கு மாறும் என்ற கவலை மிகையானது: 20 அடி உயரப் பரணிலிருந்து 20 கெஜம் தள்ளி நிற்கும் மானுக்கு நேர்கோட்டுத் தூரம் 21 கெஜம்தான். அம்பு சரிவாக நுழைவதே பெரிய மாற்றம். எனவே நுழையும் இடத்தைவிட, மறுபுறம் எங்கே வெளியேற வேண்டும் என்பதை எண்ணிக் குறி வையுங்கள்.

பரணும் நிற்கும் கோணமும்

வில் வேட்டையில் வேட்டைக்காரருக்கு நேரும் பெரிய ஆபத்து பரணிலிருந்து விழுவது. முழு உடற்கச்சையை அணிந்து, கால் தரையை விட்டு எழும் கணத்திலிருந்து மீண்டும் தரையைத் தொடும் வரை உயிர்க்கயிற்றோடு இணைந்தே இருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பரணுக்கு மாறும்போதுமே பலர் விழுகின்றனர். வில்லையும் அம்புகளையும் கையில் ஏந்தி ஏறாமல், மேலே அமர்ந்தபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள். விழுந்து தொங்க நேர்ந்தால் தொடையில் இரத்தம் தேங்காமல் காலூன்ற உதவும் பட்டையும், கைக்கெட்டும் பையில் தொலைபேசியும் வேண்டும். எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

மான் வரும் திசையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீசும்படி பரண் அமைய வேண்டும். அந்தக் காற்று அமையாத நாளில் வேறு இடத்துக்குச் செல்வதே நல்லது.

எய்யத்தக்க நிலைகள் இரண்டே: மான் முழுப் பக்கவாட்டில் நிற்பது, அல்லது முகத்தை நம்மிடமிருந்து அப்பால் திருப்பிச் சற்றே சாய்ந்து நிற்பது. பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பையொட்டி மேலேறி, உடல் உயரத்தின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறி வையுங்கள். அப்பால் சாய்ந்து நிற்கும்போது, மறுபக்க முன்னங்காலை அம்பின் வெளியேறும் திசையாகக் கொள்ளுங்கள். நம்மை நேராக நோக்கி நிற்கும் மான், நம் பக்கம் சாய்ந்து நிற்கும் மான், முதுகு காட்டி நிற்கும் மான், ஓடும் மான் ஆகியவற்றின் மீது எய்யவே கூடாது. தோள்பட்டை எலும்பும் குடலும் அம்பின் வழியில் நிற்கின்றன. எய்யாமல் விட்ட மானைப் பற்றி வருந்த வேண்டியதில்லை. அது மறுநாள் வரலாம்.

எய்தபின்

அம்பு பட்டதும் மான் நின்ற இடத்தையும், கடைசியாகத் தென்பட்ட மரத்தையும் மனத்தில் பதித்து, பரணிலேயே அமைதியாக இருங்கள். பின்னர் இறங்கி அம்பைத் தேடுங்கள். அதுவே உண்மையைச் சொல்லும். இளஞ்சிவப்பாக, நுரையோடு கூடிய இரத்தம் நுரையீரலைக் குறிக்கிறது. அரை மணி காத்திருந்து தொடரலாம். கருஞ்சிவப்பு இரத்தம் கல்லீரலைக் குறிக்கக் கூடும். நான்கு மணி நேரம் காத்திருங்கள். பசுமையோ பழுப்போ கலந்து நாற்றமடித்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. 8 முதல் 12 மணி நேரம் விட்டுவிட வேண்டும். உடனே துரத்தினால் படுத்திருக்கும் மான் எழுந்து, இரத்தத் தடமே இல்லாத தொலைவுக்குப் போய்விடும். தடம் மறைந்த இடத்தில் துணி கட்டி அடையாளமிட்டு, அங்கிருந்து கட்டம் கட்டமாகத் தேடுங்கள். காயப்பட்ட விலங்கைத் தேடுவதில் செலவாகும் நேரத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

மான் கிடைத்ததும் விதிப்படி அடையாளச் சீட்டைச் செல்லாததாக்கிய பிறகே அதை நகர்த்த வேண்டும். குடலைத் தாமதமின்றி அகற்றி, உடற்குழியைத் திறந்து குளிரவிடுங்கள். இதமான அக்டோபர் மாலையில் இறைச்சி கெட அதிக நேரம் ஆகாது. உடலுக்குள் பிராட்ஹெட் உடைந்து தங்கியிருக்கலாம் என்பதால், அம்பு முழுமையாகக் கிடைக்காதபோது கையை உள்ளே விடும் முன் எச்சரிக்கையாக இருங்கள். வட அமெரிக்க மான் இனங்களில் பரவிவரும் நாட்பட்ட உடல் தேய்வு நோய்க்கான பரிசோதனை நீங்கள் வேட்டையாடும் பகுதியில் நடத்தப்பட்டால், மாதிரியைக் கொடுத்து முடிவு வந்தபின் சமையுங்கள். நோய் உறுதியான விலங்கின் இறைச்சியை உண்ணக் கூடாது.

மானைத் துளைத்து வெளிவந்த அம்பைக் கழுவி, வளைத்துப் பார்த்து, தேறினால் புதிய அலகுகளோடு மீண்டும் தூணியில் சேர்க்கலாம். பருவம் முடிந்ததும் மாகாணம் கேட்கும் வேட்டை அறிக்கையைக் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். மான் கிடைக்காதவரும், உரிமம் பெற்றுக் காட்டுக்கே போகாதவரும்கூட அதை அனுப்ப வேண்டும்.